மத்தியானச் சங்கு

என் அம்மா நடப்பதை நான் முதலில் பார்த்தது சமையலறை ஜன்னல் வழியாகத்தான். வாக்கர் இல்லை. சுவரைப் பிடிக்கவில்லை. நொண்டக்கூட இல்லை. அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கி, நாலு எட்டு வைத்து மேடைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். ஆடி மாதம் துணி எடுக்கப் போய் வாசல் படியில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவள். கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். "கட்டிலை விட்டு ஒரு அடி நகர முடியல கண்ணு" என்று அன்று காலையில்கூட என்னிடம் முனகியிருந்தாள். நான் கையிலிருந்த குடையைச் சாய்த்துவிட்டு மழையில் அப்படியே நின்றேன். பேயைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டேன்.

அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்க வேண்டியவள் இல்லை. குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் வேலை எனக்கு. காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவேன். அன்று ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்டுக் கம்பி அறுந்துவிட்டது. இருட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று மத்தியானத்துக்கு முன்பே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழியில் காட்டெருமை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் பின்பக்கமாகச் சுற்றி வந்தேன். அதனால்தான் அந்த ஜன்னல்.

எங்கள் வீடு அருவங்காட்டுக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. கீழே பள்ளத்தில் வெடிமருந்து ஃபேக்டரி. அப்பா அங்கேதான் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அந்த ஃபேக்டரிக் குடும்பங்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு அது கொஞ்சம் கிறுக்காகத் தெரியும். கேட்டுக்குள் நுழையும்போது ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். தீப்பெட்டி, லைட்டர், இந்தக் காலத்தில் செல்போன், எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒற்றைத் தீக்குச்சி சட்டைப் பையில் தங்கிவிட்டாலும் வேலைக்கு ஆபத்து, ஊருக்கும் ஆபத்து. ஆயுசு முழுக்க அப்படி இருந்தவர்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுவார்களா? எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்கு ஓர் இடம்தான். கார்த்திகைத் தீபத்துக்கு நாங்கள் விளக்கேற்றினால் அப்பா பக்கத்தில் பக்கெட் தண்ணீரோடு நிற்பார். தீபாவளிக்கு மத்தாப்புக்கூட கொளுத்தாமல் வளர்ந்த பிள்ளைகள் நானும் என் தம்பியும். பள்ளிக்கூடத்தில் எங்களை எல்லோரும் கேலி செய்வார்கள்.

அந்த ஃபேக்டரிச் சங்குதான் எங்கள் மேட்டுக்கே கடிகாரம். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை ஊதாது. எனக்கும் ஞாயிறுதான் லீவு. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அம்மா விழுந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு பேச்சுத்தான்: அவள் நடப்பாளா, மாட்டாளா. திருப்பூரில் இருக்கும் தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "தீபாவளிக்குள்ள அம்மா எந்திரிச்சு நடக்கலைன்னா ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்தர்றேன் அக்கா. இங்க லிஃப்ட் இருக்குது, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்குது. அந்த மேட்டுல, அந்தக் குளிர்ல வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்ற பொணம்தான் இந்த மலையை விட்டு எறங்கும். அவரையும் அனுப்ப மாட்டேன்" என்றாள்.

சரி, அப்படியானால் நடக்க வேண்டுமே! வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருவரைத் தம்பி ஏற்பாடு செய்தான். குன்னூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், நல்ல பொறுமைசாலி. படுத்தபடி காலைத் தூக்கச் சொன்னால் அம்மா தூக்குவாள். மடக்கச் சொன்னால் மடக்குவாள். எழுந்து நிற்கச் சொன்னால் மட்டும் "அய்யோ, போச்சு" என்று கட்டிலைப் பிடித்துக்கொள்வாள். "எலும்பு நல்லாக் கூடியிருக்குதுங்க, சதையிலயும் பலம் இருக்குது. பயம்தான் போகமாட்டேங்குது" என்று அந்தப் பெண் என்னிடம் கைவிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வரும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் எப்படி? மலையை விட்டு இறங்க மாட்டாளாம், காலையும் கீழே ஊன்ற மாட்டாளாம். "உனக்கு நெசமாவே இங்க இருக்கோணும்னு ஆசை இருந்தா எந்திரிம்மா" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆனால் அப்பாவைப் பார்க்க வேண்டும். தனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தறியாதவர், அம்மாவுக்கு அத்தனையும் செய்தார். எண்ணெய் தேய்த்துவிட்டார், தலை வாரிவிட்டார், பெட்பேன் எடுத்துக் கழுவினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். "உங்கொப்பன மாதிரி மனுசன் யாருங்க? என்ற ஊட்டுக்காரரு நான் செத்தாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டாரு" என்று ஒருத்தி கண் கலங்கினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அம்மாதான் அவரை ஒரு நிமிஷம் உட்கார விடமாட்டாள். "ஏனுங்க, தண்ணி." "ஏனுங்க, போர்வை நழுவிப்போச்சு." "ஏனுங்க, அந்த வெள்ளை மாத்திரை... அது இல்லீங்க, பக்கத்துல இருக்கறது." காலையில் நான் கிளம்பும்போதே இந்த ஏனுங்க ஆரம்பித்துவிடும். பாவம் மனிதர், இப்படியா வேலை வாங்குவது என்று நினைத்துக்கொண்டே படியிறங்குவேன்.

அப்பாவிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. ஆனால் அது மாற்றம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் தீப்பெட்டி தங்கவில்லை. வாங்கி வைத்தால் மறுநாள் இருக்காது. கேஸ் லைட்டரும் அப்படித்தான்; தேடினால் வாசலுக்கு வெளியே, செருப்பு வைக்கும் பலகை மேல், வரிசையாக அடுக்கியிருக்கும். "உள்ள கொண்டு போகப்படாது" என்பார். நான் சிரித்துக்கொண்டே எடுத்து வருவேன். ஃபேக்டரிக்காரர்களுக்கு வயதானால் இந்தப் பழக்கம் கூடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்தால் வாசலில் நிறுத்தி என் கோட்டுப் பையைத் தட்டிப் பார்ப்பார். நானும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "செக்கிங் முடிஞ்சுதுங்களா ஐயா?" என்று கேட்பேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல் "போலாம்மா" என்பார். அந்த வயதில் அவருக்கு வந்த குறும்பை ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இனி அந்த ஐப்பசி மத்தியானத்துக்கு வருகிறேன். ஜன்னலை விட்டு ஓடி, முன்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "அம்மா!" என்று கத்தினேன். திருடி அகப்பட்டுக்கொண்டவள்போல் விழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. அவள் கண் எனக்குப் பின்னால், நான் திறந்துபோட்டு வந்த கதவுக்குப் போயிற்று.

"கதவைச் சாத்து! மொதல்ல கதவைச் சாத்துடி!"

அவள் சொல்லி முடிக்கவில்லை, பள்ளத்திலிருந்து சங்கு கிளம்பியது. உள்ளறையிலிருந்து அப்பா வந்தார். பழைய காக்கிக் கோட்டு, குரங்குக் குல்லா, கையில் டிபன் கேரியர். காலிக் கேரியர் என்பது அது ஆடிய ஆட்டத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்து, வழியில் நிற்கிற வேற்றுப் பெண்ணுக்கு ஒதுங்குவதுபோல் மரியாதையாக ஒதுங்கி, வாசலைத் தாண்டிப் போய்விட்டார். "எங்கீங்கப்பா போறீங்க, இந்த மழையில?" என்றேன். "ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்று காற்றிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

எங்கள் படி நேராக ரயில் பாதையில் போய் முடியும். பாதையைத் தாண்டினால் ஃபேக்டரிக்குக் குறுக்குவழி. பாசி பிடித்த படி, மழை வேறு. நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். அம்மா என்னைத் தோளில் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஆமாம், ஓடினாள். வாசலைத் தாண்டியதும் அவரைத் துரத்துவாள், கையைப் பிடித்து இழுப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் மேல்படியில், கொட்டுகிற மழையில், காலை நீட்டிச் சப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்து அலறினாள்.

"ஏனுங்க! அய்யோ, என்ற காலு போச்சுங்க! வலிக்குதுங்க! ஏனுங்க!"

அப்பா நின்றார். கொஞ்ச நேரம் முதுகைக் காட்டியபடியே நின்றார். பிறகு திரும்பினார். கேரியரைப் படியிலேயே வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். "ஏம்புள்ள, எதுக்கு எந்திரிச்சே? உன்னைய யாரு எந்திரிக்கச் சொன்னா?" என்று அதட்டிக்கொண்டே அவளைத் தூக்கி நிறுத்தி, அவள் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் வீட்டுக்குள் போனார்கள். அம்மா நொண்டினாள். என் கண்முன்னால் ஓடியவள், உயிர் போவதுபோல் நொண்டினாள். என்னைக் கடக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கேரியரை எடுத்துட்டு வா" என்றாள், தணிந்த குரலில்.

எடுத்துக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்வது? காலிக் கேரியர் படிக்குப் படி கடகடவென்று சத்தம் போட்டது.

அப்பா அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, ஈரத்தைத் துடைத்து, காலுக்கு எண்ணெய் தேய்த்தார். அம்மா சொல்லச் சொல்ல அவரும் கோட்டைக் கழற்றினார், சோறு தின்றார், நாற்காலியிலேயே தூங்கிப்போனார். அவர் குறட்டை கேட்டதும் அம்மா எழுந்து சமையலறைக்கு வந்தாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"எது? நான் நடக்கறதா, அவரு போறதா?"

அவளே சொன்னாள். அவள் நடக்க ஆரம்பித்தது ஆவணியிலேயே. அப்பா போக ஆரம்பித்தது அதற்கும் முன்னால், சித்திரையிலிருந்து. "காலைச் சங்குக்குக் காப்பியக் குடுத்து உக்கார வெச்சர்றேன். சாயங்காலச் சங்குக்கு அவரே களைச்சுப்போயிர்றாரு. இந்த மத்தியானச் சங்குதான் பொல்லாதது. அதக் கேட்டா நிக்க மாட்டாரு."

"ஆடியில நீ உழுந்தது..."

"துணி எடுக்கப் போயி இல்ல கண்ணு. இவரைப் புடிக்கப் போயித்தான் உழுந்தேன். தண்டவாளத்துக்கிட்டப் போயிட்டாரு. நில்லுங்க, நில்லுங்கன்னு எத்தனை கத்தியும் திரும்பல. நான் வழுக்கி உழுந்து அலறுனேன் பாரு, அதுக்குத் திரும்பி வந்தாரு. நில்லுன்னா நிக்கமாட்டாரு, வலிக்குதுன்னா வந்துருவாரு. அன்னைக்குத்தான் எனக்கு அது புரிஞ்சுது."

ஈரப்புடவையோடு நின்று, குழம்பு வைக்கும் பக்குவம் சொல்வதுபோல் இதைச் சொன்னாள். நாங்கள் ஆள் வைத்து, பயிற்சி கொடுத்து, போனில் சண்டை போட்டு, ஒரு நோயாளியைக் குணப்படுத்திக்கொண்டிருந்தோம். அந்த நோயாளி குணமாகி, கட்டிலில் படுத்தபடி இன்னொரு நோயாளியைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள். அந்த ஏனுங்க, ஏனுங்க எல்லாம் கயிறு. அது தெரியாமல் அவரை உட்கார விடமாட்டாயா என்று நான் அவளை மனசுக்குள் கடிந்திருக்கிறேன்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னா? பல்லடத்துல உங்க பெரியப்பனுக்குப் பண்ணுனதத்தானே பண்ணுவீங்க."

பெரியப்பாவுக்கும் கடைசியில் நினைவு தப்பிவிட்டது. அவரை ஓர் அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டு அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போயிற்று. திரும்பி வரும்போது காரில் தம்பி, "வேற என்ன பண்ண முடியும், அவங்களும் பாவம்" என்றான். நானும் ஆமாம் என்றேன். பின்சீட்டில் அம்மா தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம்.

"நான் அப்படிப் பண்ணுவனாம்மா?"

"நீ ஆபீசுக்குப் போயிருவே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அப்பா பாதி நேரம்தான் தடுமாறுகிறார், மற்ற நேரம் நன்றாகத்தானே இருக்கிறார் என்று நான் இழுத்தேன். தினமும் என்னோடு வாசலில் செக்கிங் விளையாடுகிறாரே என்றேன். அம்மா என்னை ஒருமாதிரி பார்த்தாள். அவள் கண் அப்போதுதான் நிறைந்தது.

"அது வெளையாட்டுன்னா நெனச்சே?"

"பின்னே?"

"நம்ம வாசலை ஃபேக்டரி கேட்டுன்னு நெனச்சுக்கறாரு சாமி. உள்ள வர்ற பொம்பளை யாருன்னு அவருக்குத் தெரியறதில்ல. நீ போன பொறகு, 'அந்தப் புள்ளை எந்த செக்ஷன்?'னு எங்கிட்டக் கேப்பாரு."

"ஞாயித்துக்கெழமை 'கண்ணு'ன்னு கூப்பிடறாரே!"

"நான் கூப்பிடறதக் கேட்டுக் கூப்பிடறாரு."

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை தூக்கி நின்றதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் என்னைப் பெற்ற தகப்பன் என்னை யாரோ என்று நினைத்துத் தடவிப் பார்த்திருக்கிறார். நான் அதை ஆபீசில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்பி கார் எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தது. அம்மா ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டிருந்தாள். ஞாயிறு சங்கு கிடையாது, அப்பா சாதுவாக இருப்பார். அன்று தம்பி முன்னால் எழுந்து நடந்து காட்டிவிட்டால் அவன் சந்தோஷமாகத் திரும்பிப் போய்விடுவான். மறுநாள் காலையில் மறுபடி படுத்துக்கொள்ளலாம். "அப்பாவைப் பத்தி வாயத் தொறக்காதே" என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நானும் செய்து கொடுத்தேன். அந்தத் திகைப்பில் அவள் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

தம்பி வந்தான். வாசலில் அப்பா அவன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா, அவனும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். "இன்னும் மாறவே இல்லீங்களே அப்பா!" என்றான். நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன்.

காப்பி குடித்து முடித்ததும் அம்மா, "தம்பி, இங்க பாரு" என்றாள். போர்வையை விலக்கினாள். வாக்கரைத் தள்ளி வைத்தாள். எழுந்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, திரும்பி நடந்தாள். தம்பி "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டே போனை எடுத்துப் படம்பிடித்தான். அந்த பிசியோ மேடத்துக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்றான். அவன் சிரித்ததைப் பார்த்து அம்மாவும் சிரித்தாள். இனி இறங்க வேண்டியதில்லை என்ற நிம்மதி அவள் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது.

அப்பா நாற்காலியில் இருந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். மெல்ல எழுந்து அவள் எதிரில் வந்து நின்றார்.

"வலி சரியாயிருச்சா புள்ள?"

தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மாவால் வேறு என்ன சொல்ல முடியும்? "ஆயிருச்சுங்க" என்றாள்.

"நெசமா?"

"நெசமாங்க."

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது காக்கிக் கோட்டுப் போட்டிருந்தார். கையில் கேரியர். "அப்ப என்ற லீவு முடிஞ்சுது. நான் டூட்டிக்குப் போறேன்" என்றார். சங்கே இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்! அவரை வீட்டில் நிறுத்தியிருந்தது அவள் வலி ஒன்றுதான். அதை நாங்களே இல்லையென்று சொல்லிவிட்டோம்.

வாசலுக்குப் போகுமுன் தம்பியிடம் நின்று, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஏனுங்க, ஊட்டுக்காரி இப்பத்தான் எந்திரிச்சிருக்கறா. புள்ளைக ரெண்டும் வெளியூரு. நான் வர்ற வரைக்கும் சித்தே பாத்துக்கறீங்களா?"

தம்பியின் கையிலிருந்த போன் இன்னும் படம்பிடித்துக்கொண்டே இருந்தது. அவன் வாய் திறந்திருந்தது. சிரிப்பு அப்படியே உறைந்து கிடந்தது. நான் கதவை நோக்கி ஓடினேன். எனக்கு முன்னால் அம்மா முந்திக்கொண்டாள். கூடத்தின் நடுவில், மகன் காலடியில், பொத்தென்று உட்கார்ந்து, "அய்யோ, வலிக்குதுங்க! ஏனுங்க!" என்றாள்.

அப்பா கேரியரை வைத்துவிட்டு வந்தார். "பாத்தியா, அவசரப்பட்டுட்டே" என்று அவள் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

தம்பிக்கு நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையனாக இருந்தபோது அழுததுபோல் ஏங்கி ஏங்கி அழுதான். வெகுநேரம் கழித்து, "பூட்ட வேண்டாம் அக்கா" என்றான். "பெரியப்பாவுக்குப் பண்ணுன மாதிரி பண்ண வேண்டாம்." கார் காலியாகத்தான் மலையிறங்கியது.

அப்பாவை டாக்டரிடம் காட்டினோம். அம்மா சித்திரையிலேயே கண்டுபிடித்ததை அவர் ஸ்கேன் பார்த்துச் சொன்னார். நான் ஆபீசில் கெஞ்சி, மத்தியானம் வீட்டுக்கு வந்து போக அனுமதி வாங்கினேன். சங்கு ஊதும்போது வீட்டில் இரண்டு பேர் இருப்போம், கதவு சாத்தியிருக்கும், ஆனால் தாழ்ப்பாள் கிடையாது. பிசியோவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டோம். அந்தப் பெண் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு மன்றாடினார். "இப்படிப் படுத்தே கெடந்தீங்கன்னா சதை வத்திப்போயிருமுங்கம்மா. அப்பறம் நெசமாவே நடக்க முடியாமப் போயிரும்."

"அதுக்குள்ள அவரு சங்கையே மறந்துருவாரு" என்றாள் அம்மா. "அப்பறம் நான் எந்திரிச்சுக்கறேன்."

அப்பா தூங்கும் நேரத்தில் மட்டும், சமையலறைக்குள்ளேயே, அவளை அந்தப் பெண் நடத்திப் பழக்கினார். மாசியும் போய், பங்குனியும் பாதி போயிற்று. இப்போதெல்லாம் வாசலில் என்னை நிறுத்தினால் நான் விளையாட்டாகப் பேசுவதில்லை. கையைத் தூக்கி ஒழுங்காக நிற்பேன். தடவிப் பார்த்துவிட்டு "போலாம்மா" என்பார். உள்ளே வருவேன்.

போன வாரம் மத்தியானம் நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்தோம். அப்பா தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதியது. நான் வழக்கம்போல் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அப்பா தலையைக்கூடத் தூக்கவில்லை. சங்கு ஓய்ந்து அடங்கும்வரை ஒரு காயை எடுத்து, நகத்தால் கீறி, மணிகளைத் தட்டில் உதிர்த்தார். அடுத்த காயை எடுத்தார்.

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் காத்திருந்தது இதற்குத்தான். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன், இல்லை. கட்டிலில் இருந்தபடியே, பழக்கதோஷம்போல், "ஏனுங்க" என்றாள்.

அப்பா பட்டாணி உரித்தார்.

"ஏனுங்க, வலிக்குதுங்க" என்றாள், இன்னும் கொஞ்சம் உரக்க. பிறகு இன்னொரு தடவை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் திரும்பவேயில்லை. சங்கை மறக்கும்போது அதோடு சேர்ந்து இதுவும் போய்விடும் என்று எங்கள் இருவரில் ஒருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

அம்மா போர்வையை விலக்கிவிட்டு எழுந்தாள். ஒளிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை. கால் கொஞ்சம் நடுங்கியது, நடிப்பில்லை. யாரையும் பிடிக்காமல் நடந்து போய், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு பட்டாணிக் காயை எடுத்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு வருகிறவருக்கு நகர்வதுபோல், அப்பா கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.